உடும்புக்குக் கட்டிய கூடு

கடந்த ஆண்டு மாரிகாலத்தில் ஒருநாள் இரவு, கனடாவிலிருந்து என் தம்பியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். ஸ்காபரோவில் சமையலறை அலுமாரிகள் செய்து பொருத்துவது அவன் தொழில். வழமையான சுகவிசாரிப்புகள் முடிந்தபின், "பெரியப்பா, நீங்கள் சின்ன வயசிலை நயினாதீவிலை உடும்பு வளர்த்தனீங்கள் எண்டு அப்பா அடிக்கடி சொல்லுவார். அதுக்குக் கூடு என்னத்தாலை செய்தனீங்கள்?" என்று கேட்டான்.

அரை நூற்றாண்டாகப் பிறரிடம் கேள்வி கேட்டே சீவியம் நடத்தியவன் நான். மறுமொழி சொல்லாமல் நழுவ முயல்பவரின் குரல் எப்படியிருக்கும் என்பது எனக்கு நன்கு தெரியும். அன்று என் குரலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "நாளைக்கு எடு மகன், யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அவன் சொன்ன விவரம் இதுதான். அவனுடைய பதினான்கு வயது மகன், ஓராண்டுக்கு முன்னர் செல்லப்பிராணிகள் விற்கும் கடையொன்றில் ஓர் உடும்புக் குஞ்சைத் தன் சேமிப்புப் பணத்தில் வாங்கியிருக்கிறான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குஞ்சு. சவன்னா உடும்பு என்பது அதன் பெயர். சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள மேற்கு ஆபிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து நெடுங்காலமாகப் பெருந்தொகையில் ஏற்றுமதியாவதால் விலை மலிவு. கடையில் அது ஒரு மீன்தொட்டிக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்தபின்னும் மீன்தொட்டிக்குள்ளேயே இருந்தது. ஓராண்டில் வால் உட்பட இரண்டரை அடி நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. இப்போது நாள் முழுவதும் கண்ணாடியில் மூக்கை வைத்து உரசிக்கொண்டே நடக்கிறதாம். மூக்கு நுனியில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. விரல்களில் பழைய தோல் கழராமல் மோதிரம் போட்டதுபோல் இறுகியிருக்கிறது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, "மருந்தைவிட முக்கியம் வீட்டை மாற்றுவதுதான். உள்ளே காற்று உலர்ந்து கிடக்கிறது. இப்படியே விட்டால் சிறுநீரகம் பழுதாகிவிடும்" என்றிருக்கிறார். தொழிற்கூடத்தில் மெலமைன் பலகைத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன, அவற்றைக்கொண்டு பெரிய பெட்டி ஒன்றை அடித்துவிடலாமா என்பது அவனுடைய யோசனை. அதற்கு முன்னர், உடும்பு வளர்த்த அனுபவசாலி என்று குடும்பத்தில் பெயர் எடுத்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட விரும்பினான்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நயினாதீவுக்குப் போகாத வாசகர்களும் நாகபூசணி அம்மனைக் கேள்விப்பட்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரைவழி. அங்கிருந்து படகு. அம்மன் கோவிலுக்கும் நாகவிகாரைக்கும் வரும் யாத்திரிகர்கள் பெரும்பாலும் இறங்குதுறையை அண்டிய பகுதியைப் பார்த்துவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடுவார்கள். ஊர் அதற்கு அப்பால் இருக்கிறது. பனங்காணிகள், பூவரசு, மணல் ஒழுங்கைகள், ஒழுங்கையின் இருமருங்கிலும் வேலிகள்.

யாழ்ப்பாணத்தவரைப்போல வேலியைப் பற்றிக் கவலைப்படும் மனிதர்கள் உலகில் குறைவு என்பது என் எண்ணம். நீதிமன்றச் செய்திகள் எழுதிய காலத்தில், ஒரு முழ நிலத்துக்காக இரண்டு தலைமுறை வழக்காடிய குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நடுவதில் தேர்ச்சி பெற்ற பெரியவர்களும் இருந்தார்கள். ஆனால் வேலி வெறும் எல்லைக்கோடன்று. கிளுவங் கதியால் வேர்விட்டுத் தழைத்து ஆட்டுக்குக் குழையாகும். பனையோலையால் அடைத்த வேலி சோளகக் காற்று அள்ளிவரும் மணலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். உக்கியபின் தோட்டத்துக்குப் பசளையாகும். கருக்குமட்டை கட்டாக்காலி மாடுகளை நிறுத்தும். அயலில் நெடுந்தீவில், கையெட்டும் தூரத்தில் கிடைத்த முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கி மதில் எழுப்பினார்கள். பகல் வெயிலை அக்கற்கள் வாங்கி வைத்திருந்து இரவில் மெல்ல மெல்ல வெளிவிடும். ஓலை, மட்டை, மரம், கல் என்று எதைக்கொண்டு அடைத்தாலும், அது வெயிலையும் ஈரத்தையும் காற்றையும் எப்படி நடத்தும் என்று அறிந்தே அடைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும் நாங்கள் ஓர் உடும்புக்குத் தவறான வேலி அடைத்தோம்.

1961ஆம் ஆண்டு. எனக்கு வயது பத்து, தம்பிக்கு ஏழு. பனங்காணியில் விழுந்து கிடந்த மரமொன்றின் கோறைக்குள் எங்கள் நாய் ஓர் உடும்பை மடக்கிவிட்டது. பனங்காய் பொறுக்க வந்த ஒருவர் அதைச் சாக்கால் மூடிப் பிடித்தார். அக்காலத்தில் பிடிபட்ட உடும்பின் பாதை நேரே கறிச்சட்டிக்குத்தான். இழுப்பு நோய்க்கு அதன் இறைச்சி நல்லதென்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் இருந்தது. தெற்கே சிங்களவரிடையே, அதன் நாவை விழுங்கும் பிள்ளை பேச்சில் வல்லவனாவான் என்ற நம்பிக்கை உண்டு. கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலும் தரையுடும்பின் இறைச்சியைப் பற்றிய பேச்சு வருகிறது. (சொல்லை விற்றுப் பிழைக்கும் தொழிலுக்கு வந்த நான் அந்த நாவை விழுங்கவில்லை. குறைகளுக்கு அதையே காரணமாக வாசகர்கள் கொள்ளலாம்.) தம்பி அழுத அழுகையில் ஐயா இரங்கி, சாக்கோடு உடும்பை எங்களிடம் வாங்கித் தந்தார்.

முதலில் அதை ஒரு தேயிலைப் பெட்டிக்குள் விட்டோம். மெல்லிய பலகை, ஓரங்களில் தகரப்பட்டி அடித்தது. இரவிரவாகப் பிறாண்டும் சத்தம் கேட்டது. விடிந்தபோது ஒரு மூலை பிய்ந்து, உடும்பின் தலை வெளியே நின்றது.

அடுத்தது, பூவரசின் கீழ் வெறும் மண்ணில் நின்ற பழைய கோழிக்கூடு. பனஞ்சிலாகைகளை நெருக்கமாக வரிந்து கட்டியது, மேலே கிடுகு. அதற்குள் விட்டதும் உடும்பு ஒரு மூலையில் மண்ணைக் கிளறத் தொடங்கியது. மாலைக்குள் அரை உடல் மண்ணுக்குள் போய்விட்டது. நாங்கள் பதறிப்போய் வாலைப் பிடித்து இழுத்தோம். உடும்புப் பிடி என்றால் என்னவென்று அன்றுதான் விளங்கியது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அப்பாச்சி, "விடு மோனை. உதுக்கு வேலி இல்லை, வளையல்லோ வேணும்" என்றார். அந்த ஒரு வசனத்தை நாங்கள் காதில் போட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பதிவை எழுதவேண்டி வந்திராது.

ஐயாவின் பார்வையில் மண்தரைதான் குற்றவாளி. மண் இருந்தால் தோண்டும், தோண்டினால் ஓடும். ஆகவே யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய், ஒரு பை சீமெந்தும் ஒரு சுருள் கோழிவலையும் வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் ஒழுங்கையில் அந்த வலை ஓர் அதிசயம். ஐயா குசினியின் தெற்குப் பக்கத்தில் தரைக்குச் சீமெந்து பூசி, நான்கு பூவரசங் கால் நாட்டி, சுற்றிவர வலை அடித்து, மேலே தகரம் போட்டார். "இனி எங்கை போகுது பாப்பம்" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அயலவர் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஐயாவுக்குப் பெருமை.

உடும்பு எங்கும் போகவில்லை. மதியத்தில் தகரம் கொதித்தது, சீமெந்துத் தரை சுட்டது, ஒளிக்க ஓர் இடுக்குக்கூட இல்லை. வலையின் கண் ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்தபடி அது சுற்றிச்சுற்றி வந்தது. மூன்றாம் நாள் மூக்கில் இரத்தம். ஒரு கிழமையில் மூக்கு நுனியின் தோல் முழுதும் போய்விட்டது. வலையில் ஏறி விழுந்ததில் இரண்டு நகங்கள் பிடுங்குண்டன. முதலில் கோழிமுட்டை குடித்தது, பிறகு அதுவும் இல்லை. பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் செத்துக் கிடந்தது. தம்பி எழும்புவதற்கு முன் நானும் ஐயாவும் அதைப் பூவரசின் கீழ் புதைத்தோம். "சின்னவனுக்கு ஓடிட்டுது எண்டு சொல்லு" என்றார் ஐயா. வலையின் ஒரு மூலையை அவரே கையால் விலக்கி வைத்தார், ஓடியதற்குச் சாட்சியாக.

தம்பி நம்பினான். கோழிவலையையும் மீறி ஓடிய அந்த வீர உடும்பின் கதையை அவன் தன் பிள்ளைகளுக்குச் சொன்னான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதைத் திருத்தவில்லை. அச்சில் வந்த பிழைகளுக்கெல்லாம் மறுநாளே திருத்தம் போட்ட மனிதன், இந்த ஒன்றை மட்டும் விட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் மருமகளும் பேரனும் கூட இருந்து கேட்க, இதை முதலில் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தம் இல்லை. பிறகு பேரன், தெளிவான தமிழில், "தாத்தா, அப்ப என்ரையும் சாகுமா?" என்று கேட்டான்.

இவ்விடத்தில் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் உடும்பை இன்று எவரும் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது. இலங்கையின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டுக்குரியது. பிற்காலத் திருத்தங்களோடு அது இன்றும் நடைமுறையில் உள்ளது, உடும்பு அதன் பாதுகாப்புக்குள் வருகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதை முதலாம் அட்டவணையில் வைத்திருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையிலும் அதற்கு முதலாம் பின்னிணைப்பில் இடம். சவன்னா உடும்பு இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால் அதன் வணிகம் அனுமதியோடு நடைபெறுகிறது. அனுமதி உண்டு என்பதற்காக அதை வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். நன்றாகப் பேணினால் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய பிராணி, மலிவாகக் கிடைப்பதாலேயே பெரும்பாலும் சீக்கிரம் சாகிறது. ஆனால் வாங்கியாகிவிட்டது. மேற்கு ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பவும் முடியாது. இனி அதன் வீடு எதனாலானது என்பதில்தான் அதன் உயிர் தங்கியிருக்கிறது.

ஐயா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இது வெளியே போகுமா, போகாதா? வலிமையை மட்டும் பார்த்தால் அவருடைய தெரிவில் பிழையில்லை. கேட்டிருக்க வேண்டியவை வேறு. இந்தப் பொருள் சூட்டை என்ன செய்யும்? ஈரத்தை என்ன செய்யும்? நகமும் மூக்கும் நாள்தோறும் இதில் பட்டால் எது முதலில் தேயும், பொருளா பிராணியா? தம்பியின் மகனோடு அந்தக் கிழமை முழுவதும் இதைத்தான் பேசினோம். அவன் பலகையை அறிந்தவன், நான் பிழையை அறிந்தவன்.

மீன்தொட்டியை முதலில் எடுத்துக்கொண்டோம். மீனுக்குத் தண்ணீரை உள்ளே வைத்திருக்கும் கண்ணாடி, உடும்புக்கு எதையும் வைத்திருப்பதில்லை. மேல்மூடி கம்பிவலை என்பதால் சூடான ஈரக்காற்று மேலே ஏறிப் போய்விடுகிறது, கனடாவின் குளிர்காலத்து வெப்பமூட்டி மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. கண்ணாடி இருப்பதை உடும்பு அறியாது. அப்பால் தெரியும் இடத்துக்குப் போக முயன்றுகொண்டே இருக்கும். இன்னொன்று, ஊர்வனவற்றின் எலும்புக்கு வேண்டிய உயிர்ச்சத்து டி-யை உடலில் உண்டாக்கும் புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி மறித்துவிடும். யன்னலோரம் வைத்திருக்கிறோம், வெயில் படுகிறது என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை.

இந்தக் கண்ணாடிப் பிரச்சினையோடு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் ஒரு பெண்மணி மல்லுக்கட்டியிருக்கிறார். இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாக இருந்த ஜோன் புரொக்டர். சிறுவயதிலிருந்தே நோயாளி, பல்கலைக்கழகம் போக உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. அவர் திட்டமிட்ட ஊர்வன இல்லம் 1927இல் திறக்கப்பட்டது. கூட்டின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு அளவில் சூடாக்கும் மின்னமைப்பையும், புற ஊதாக் கதிரை உள்ளே விடும் வைற்றாகிளாஸ் என்ற விசேட கண்ணாடியையும் அதில் பயன்படுத்தினார். உலகின் மிகப்பெரிய பல்லியினமான கொமோடோ உடும்புகள் இரண்டு அதே ஆண்டில் அங்கு வந்தன. அவற்றுள் சும்பாவா என்று பெயரிட்டதைப் புரொக்டர் பழக்கிக் கூடவே நடத்திக்கொண்டு திரிந்தார். கொமோடோ என்றாலே நடுங்கிய காலம் அது. 1931இல், 34ஆவது வயதில் அவர் காலமானார். உடும்பு என்பது பூட்டி வைக்கவேண்டிய மிருகம் என்று மற்றவர்கள் நினைத்த வேளையில், வெயிலும் நிழலும் தேவைப்படும் மிருகம் என்று நினைத்தவர் அவர். அவர் கூடு கட்டியதற்கு 34 ஆண்டுகளுக்குப் பின்னர்தான் எங்கள் ஐயா கோழிவலை வாங்கப் போனார்.

கம்பிவலையைப் பற்றி நான் விவரிக்கத் தேவையிருக்கவில்லை. பேரனே, "அது வேண்டாம்" என்றுவிட்டான்.

மெலமைனுக்கு வந்தோம். சமையலறை அலுமாரிக்கு அது நல்ல பொருள். வழவழப்பானது, துடைத்தால் துப்புரவாகும். ஆனால் அதன் தோல்தான் மெலமைன், உள்ளே இருப்பது மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. வெட்டிய ஓரத்தில் ஈரம் பட்டால் பாண்போல் ஊதிவிடும். சிலிக்கோன் பூசி ஓரங்களை மூடலாம் என்றான். மூடலாம்தான், ஆனால் உடும்பின் நகம் சிலிக்கோனை எத்தனை நாள் விட்டுவைக்கும்? "நீ பூட்டின அலுமாரியளிலை முதல் பழுதாகிறது எது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். "சிங்குக்குக் கீழை இருக்கிறது, பெரியப்பா."

அப்படியானால் பின்வளவில் பழைய மரத்தளத்தைக் கழற்றிய பலகைகள் கிடக்கின்றனவே, மழையிலும் பனியிலும் கிடந்தும் உக்கவில்லையே என்றான். உக்காததற்குக் காரணம் உண்டு. வட அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதிவரை வீட்டுத் தேவைக்கு விற்ற பதனிட்ட மரத்தில் செம்பு, குரோமியத்தோடு ஆசனிக்கும் ஏற்றியிருந்தார்கள். அதற்குப்பின் வீட்டுப் பாவனைக்கு அது நிறுத்தப்பட்டது. அவனுடைய தளம் அதற்கு முந்தியது. சூடும் ஈரமும் நிறைந்த பெட்டிக்குள், மண்ணை நக்கித் திரியும் பிராணிக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது. சீடர் மரமும் வேண்டாம் என்றேன். எங்களுக்கு அது வாசனை, மூடிய பெட்டிக்குள் சூடேறும்போது அந்த எண்ணெயின் ஆவி ஊர்வனவற்றின் சுவாசப்பைக்குத் தீங்கு.

பி.வி.சி. நுரைப்பலகை இப்போது பலர் கொண்டாடும் பொருள். தண்ணீரே குடிக்காது, பாரமில்லை, கழுவலாம். மரத்தில் ஏறி வாழும் சிறிய பல்லிக்கு அதைவிட நல்லதொன்றைச் சொல்ல எனக்குத் தெரியாது. சவன்னா உடும்புக்கு இரண்டு தடைகள். அது வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 55 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். விளக்குக்கு மிக அண்மையில் பி.வி.சி. இளகி வளையும். இரண்டாவது தடை மண்.

மண் என்ற சொல்லை நான் சொன்னபோது மருமகள் முதன்முறையாகப் பேச்சில் கலந்துகொண்டார். "மாமா, எவ்வளவு மண்?"

இந்த உடும்பு வளை தோண்டி வாழும் பிராணி. ஊரில் வெயில் எரிக்கும்போது, நிலத்துக்குக் கீழே ஈரமான குளிர்ந்த வளைக்குள் கிடந்துதான் உடம்பின் நீரைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதைப் பறித்துவிட்டுத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதால் ஈடுசெய்ய முடியாது. வளை இடிந்து விழாமல் நிற்க, மணல் கலந்த ஈரமண் குறைந்தது இரண்டடி ஆழத்துக்கு வேண்டும். வளர்ந்த உடும்புக்கு அனுபவசாலிகள் சொல்லும் பெட்டி அளவு எட்டடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம். கணக்குப் பார்த்தால் மண் மட்டும் 64 கன அடி. ஒரு கன அடி ஈரமண் ஏறத்தாழ 40 கிலோ. ஆக, இரண்டரைத் தொன்னுக்கு மேல். பேரனின் படுக்கையறை மேல்மாடியில் இருந்தது. அந்த யோசனை அத்தோடு முடிந்தது. பேஸ்மென்ற்றில், கொங்கிறீற் தரையில்தான் வைக்க வேண்டும். "வீட்டுக்குள்ளை தோட்டமே கொத்தப் போறீங்கள்" என்றார் மருமகள். அவருடைய நிபந்தனை ஒன்றுதான்: விருந்தாளிகள் பார்த்தால் அலுமாரிபோல் தெரிய வேண்டும்.

இறுதியில் கட்டிய கூடு இது. முக்கால் அங்குல வெளிப்பாவனைப் பிளைவூட்டால் கீழ்ப்பெட்டி, மண்ணின் தள்ளலைத் தாங்க வெளியே நெருக்கமாக மரச்சட்டம். உள்ளே மூன்று பூச்சு எப்பொக்சி, அதன்மேல் உணவகச் சமையலறைச் சுவர்களில் ஒட்டும் கண்ணாடியிழைத் தகடு. இந்தத் தகட்டை நினைத்தவன் அவன்தான். தண்ணீருக்கும் அசையாது, நகத்துக்கும் கிழியாது, அவனுடைய தொழிலில் நாளாந்தம் புழங்கும் பொருள். மேற்பெட்டியும் பிளைவூட், சுவரின் வெளிப்புறத்தில் வெப்பம் காக்கும் நுரைத்தட்டு. முன்பக்கத்தில் கீழ் இரண்டடியும் ஒளிபுகாத பலகை, மேலே மட்டும் பதப்படுத்திய கண்ணாடிக் கதவு, பூட்டோடு. காற்றுக்கு இரண்டே இரண்டு சிறு துவாரங்கள், திறந்து மூடக்கூடியவை. ஹலோஜன் குமிழ்கள் ஒரு மூலையில், தட்டையான கல்லொன்றின் மேல். புற ஊதா விளக்கு பெட்டிக்கு உள்ளேயே. மறுகோடியில் சூடு 26, 27 பாகைக்கு மேல் ஏறாது. கடைகளில் விற்கும் மின்சூட்டுக் கல் வேண்டவே வேண்டாம் என்றேன். வயிறு வெந்தாலும் நேரத்துக்கு விலகத் தெரியாமல் அதன்மேல் படுத்துக்கிடக்கும் ஊர்வன பல.

மெலமைன் துண்டுகளும் வீண்போகவில்லை. வெளிப்புறம் முழுவதும் வெள்ளை மெலமைன் அடித்து, மருமகளின் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டான்.

எப்பொக்சி காய்ந்து மணம் முற்றாகப் போகும்வரை உடும்பை உள்ளே விடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். மூன்று கிழமை. பேரன் நாள்தோறும் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்து அறிக்கை அனுப்பினான். அதுவரையில் மீன்தொட்டியின் நான்கு பக்கமும் கடதாசி ஒட்டி, மேல்வலையின் பெரும்பகுதியை மூடி, ஈரமண் போட்ட பிளாஸ்ரிக் பெட்டியொன்றை உள்ளே வைத்தார்கள். கடதாசி ஒட்டிய அன்றே மூக்கை உரசுவது குறைந்துவிட்டது. அதைக் கேட்டபோது மகிழ்ச்சியோடு கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. ஐயாவின் வலைக்கு வெளியே நாலு கிடுகைச் சாத்தியிருக்கலாம். வீட்டில் கிடுகுக்கா பஞ்சம்?

இதற்கிடையில் தம்பி ஒருநாள் அழைத்தான். மகன் சொல்லிவிட்டிருக்கிறான். வழமைபோல் அரசியல் பேசினான், ஊர்ப் புதினம் பேசினான், விலைவாசி பேசினான். வைக்கப் போகும்போது, "அண்ணை, அப்ப அது ஓடேல்லை என்ன?" என்றான். "இல்லையடா" என்றேன். "எனக்கு அந்த மூலையைப் பாக்கவே சந்தேகமாத்தான் இருந்தது. வலை வெளியிலை இருந்தெல்லோ விலத்தியிருந்தது" என்றான். ஏழு வயதில் அவன் கண்டது அது. நம்பியதாக நடித்தது எங்களுக்காகவா, தனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

கூட்டுக்குள் உடும்பை விட்ட நாள் எனக்கு ஒளிப்படம் வந்தது. அடுத்த நாள் தொலைபேசி வந்தது. பேரனின் குரலில் பதற்றம். "தாத்தா, காணேல்லை. ரெண்டு நாளாக் கிளறினபடி இருந்தது, இப்ப ஒண்டும் தெரியேல்லை. அப்பா கிண்டிப் பாப்பமோ எண்டு கேக்கிறார்."

"கிண்ட வேண்டாம் எண்டு சொல்லு" என்றேன். "அது வளைக்குள்ளை கிடக்குது. விளக்கை மட்டும் நேரத்துக்குப் போடு."

"செத்திருந்தால்?"

"பொறு."

நான் சொன்னேனே தவிர, எனக்கும் நெஞ்சு அடித்தபடிதான் இருந்தது. முதல் நாள் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் எங்கள் நேரம் இரவு பத்து மணிக்கு, அங்கே பகல், பேரன் அழைத்தான். விளக்கின் கீழ்க் கல்லில் வந்து படுத்திருக்கிறதாம். விரல்களில் இருந்த பழைய தோல் பாதி கழன்றுவிட்டதாம். மூக்குப் புண் எப்படி என்று கேட்டேன்.

"தெரியேல்லைத் தாத்தா" என்றான். "மூக்கு முழுக்க மண்."